மலாவி சிக்லிட்டுக்கு வயிறு ஊதுறது: தீனோ, தண்ணியோ, பயமோ?

கேள்வி (2024 பங்குனி 27)

கரவெட்டியிலயிருந்து எழுதுறன். மூண்டடித் தொட்டி. எலெக்ட்ரிக் யெலோ 6, றெட் சீப்ரா 4, ரண்டும் ஆபிரிக்காவின்ர மலாவி ஏரிச் சிக்லிட் மீன். ஒரு சீப்ரா தீனை வாயில எடுத்து எடுத்துத் துப்புது, பின்னால வெள்ளை நூல் மாதிரித் தொங்குது. ஒரு யெலோ ஒண்டுமே தின்னுதில்லை, கல்லுக்குப் பின்னாலயே நிக்குது. வாங்கின கடையில கேட்டன். நுளம்புக் குடம்பி போட்டதாலதான் வந்தது, மலாவி மீன் சுத்த சைவம், இனிப் பூச்சி புழு காட்டாதேங்கோ, ஒரு பிடி கல்லுப்புப் போடுங்கோ எண்டினம். மெய்யோ?

பதில் (பங்குனி 27, இரவு)

தம்பி, உப்பு வேண்டாம். தீனை நிப்பாட்டும். லைற்றை நூரும். மிச்சம் விடிய எழுதுறன்.

பங்குனி 28, விடிய

உம்மட சீப்ராவுக்கு வந்திருக்கிறது வயிறு ஊதுற வருத்தம், மலாவி புளோற் எண்டுவினம். ஊதின வயிறு இந்த வருத்தத்தின்ர கடைசி அறிகுறி. கனபேர் அதைப் பாத்தாப் பிறகுதான் பாமசிக்கு ஓடினம். அதுக்கு முதல் நடக்கிறது முழுக்க வாயிலயும் கழிவிலயும் தெரியும். முதல்ல தீனுக்கு ஓடி வரும், எடுக்கும், துப்பும். பேந்து ஓடி வாறதும் நிண்டிடும். நல்ல மீனின்ர கழிவு அது தின்ட தீனின்ர நிறத்தில, கட்டையா, கெதியா அறுந்து விழும். வருத்தக்கார மீனுக்கு வெள்ளையா, நீளமா இழுபடும். அதில தீன் இல்லை, குடல் விடுற சளிதான் இருக்கு. மூச்சு வேகமா வாங்கும், மூலையில ஒதுங்கும். உடம்புக்குள்ள நீர் கட்டி வயிறு ஊதுறது இதுக்கெல்லாம் பிறகு, அந்தக் கட்டத்தில தப்பின மீன் குறைவு. உம்மட சீப்ரா இன்னும் தீனை எடுக்குது எண்டால் நேரம் இருக்கு.

சாப்பிடாத யெலோவை வேற கண்ணால பாரும். நாடிக்குக் கீழ தொண்டை இறங்கி இருக்கோ? இடைக்கிடை எதையோ சப்புற மாதிரி வாயை அசைக்குதோ? அப்பிடியெண்டால் வருத்தம் இல்லை, வாய் நிறைய முட்டை. மலாவிப் பெட்டைகள் முட்டையை வாயிலதான் வைச்சுக் காக்கும். கிட்டத்தட்ட மூண்டு கிழமை தீனைத் தொடாது, தொட்டாலும் பேருக்குத்தான். அதைப் பிடிச்சு மருந்துத் தண்ணியில போட்டால் பயத்தில குஞ்சைத் துப்பிப் போடும்.

இண்டைக்கு மூண்டில ஒரு பங்கு தண்ணி மாத்தும். எயார் கல்லு ஒண்டு கூடப் போடும்.

பங்குனி 29

சைவக் கதைக்கு வருவம்.

மலாவி ஏரியில கல்லுக் கரையில வாழுற கூட்டத்தை ம்புனா எண்டுவினம். யெலோ, சீப்ரா எல்லாம் அந்தக் கூட்டம். அதுகளின்ர சாப்பாடு கல்லில படர்ந்திருக்கிற பாசிப் படை. இதைப் படத்தில பாத்திட்டுத்தான் சைவம் எண்டு முடிவு கட்டினவை. அந்தப் படையைக் கொஞ்சம் சுரண்டி நுணுக்குக்காட்டியில வைச்சால், பாசிக்குள்ள பூச்சிக் குடம்பி, நண்டு இறால் இனத்துக் குட்டிப் பிராணி, புழு எல்லாம் ஊருறது தெரியும். சீப்ரா பாசியும் தின்னும், திறந்த தண்ணியில மிதக்கிற நுண்ணுயிரையும் பிடிக்கும். யெலோ கல்லிடுக்கில பூச்சி பொறுக்கிறதிலதான் கெட்டிக்காரன். எங்கட தொட்டியில ரண்டையும் ஒரே பந்தியில இருத்தி ஒரே தீனைக் கொட்டுறம்.

கடைக்காரர் சொன்னதில உண்மையான பகுதி ஒண்டு இருக்கு. பாசி தின்னுற மீனின்ர குடல் நீளம், உடம்பைப்போல சில மடங்கு வரும். நார்ச்சத்தை மெல்ல மெல்லச் சமிக்கிறதுக்கு அமைஞ்ச குடல் அது. அதுக்குள்ள கொழுப்பும் புரதமும் கூடின சாமானை ஒரேயடியா அடைஞ்சால் சிக்கல்தான். தங்கனீக்கா ஏரியிலயிருந்து வாற ட்ரொஃபியஸ் இதில கடும் செல்லம், ஒரு நாள் தீன் பிசகினாலும் துப்பத் துவங்கும். உம்மட யெலோவுக்கு அவ்வளவு இல்லை, குடம்பி நாலைஞ்சு தின்டு யெலோ சாகாது.

மாட்டு இதயம் அரைச்சுப் போடுறவையைப் பற்றிக் கேட்ட அண்ணைக்கு: வேண்டாம். மாட்டின்ர உடம்புச் சூடு 38 பாகைக்கு மேல. அந்தச் சூட்டில இளகியிருக்கிற கொழுப்பு 27 பாகைத் தண்ணியில இருக்கிற மீனின்ர வயித்துக்குள்ள இறுகிப் போகும். எங்கட வீட்டில அதுக்கு இன்னொரு தடையும் இருக்கு. மாட்டிறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ள வைச்சால் மீனுக்கு முதல் எனக்குத்தான் வீட்டில இடமில்லாமல் போகும்.

பங்குனி 31

உப்பு.

மலாவி ஏரி கடல் இல்லை. தண்ணி காரம், பி.எச். 8 அளவில நிக்கும். ஆனால் சாப்பாட்டுப் பக்கத்து உப்பு அதில மிகக் குறைவு. "ஆபிரிக்க மீனுக்கு உப்புத் தண்ணி" எண்டு யார் துவக்கினதோ, ஊர் முழுக்க ஆனையிறவுக் கல்லுப்பைப் பிடி பிடியாக் கொட்டுறம். கரையோரக் கிணத்துத் தண்ணியெண்டால் அது ஏற்கெனவே உவர். அதுக்கு மேல இன்னொரு பிடி போட்டால், குடல் புண்ணாகி நிக்கிற மீனுக்கு உடம்பு நீரைச் சமப்படுத்துற வேலை இன்னும் கூடும்.

பேதியுப்பு வேற. பாமசியில எப்சம் சோல்ட் எண்டு கேட்டால் தருவினம், மகனீசியம் சல்பேற்று. 20 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, தனியாக் கரைச்சு மெல்ல ஊத்திறது. குடலை இளக்கும், உள்ளுக்குள்ள கட்டின நீரையும் கொஞ்சம் இழுக்கும். எங்கட ஆச்சிமார் குடிச்சுப் பேதி போன அதே சாமான்தான்.

பங்குனி 31, பின்னேரம்

உப்பு எண்டதும் தண்ணியை எழுதாமல் விட மனமில்லை. இந்த இழையில நான் சொல்ல வந்ததே இதுதான்.

யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ள இருந்து வாறது. வன்தன்மை, காரம் ரண்டும் தாராளம். கொழும்பிலயும் கண்டியிலயும் மலாவி வளர்க்கிறவை காசு குடுத்து வாங்கிப் போடுறதை நாங்கள் கப்பி இழுத்து எடுக்கிறம். இதைக் கேட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டு கனபேர் அடுத்ததைப் பாக்கிறேல்லை. அது நைத்திரேற்று, உரத்திலயும் கழிவிலயும் இருந்து தண்ணியில சேருற உப்பு. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் எண்டு செம்மண் தோட்டப் பக்கம் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடுற யூரியாவும் மாட்டெருவும், வீட்டு மலகூடக் குழியும் சேர்ந்து சுண்ணக்கல் வெடிப்பாலை நேர கிணத்துக்குள்ள இறங்குது. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைச்ச எல்லை லீற்றருக்கு 50 மி.கி. நைத்திரேற்று. தோட்டப் பக்கத்துக் கிணறுகள் அதைத் தாண்டுறது புதினமில்லை. என்ர வளவுக் கிணத்துத் தண்ணியில சோதனைப் பட்டியை வைச்சால், மீன் விடமுதலே நல்ல சிவப்பு.

இப்ப யோசியுங்கோ. எல்லா ஊர்ப் புத்தகத்திலயும் "கிழமைக்கு மூண்டில ஒண்டு தண்ணி மாத்து, நைத்திரேற்று இறங்கும்" எண்டிருக்கும். இஞ்ச மாத்த மாத்த ஏறும். மீன் ஒரே நாளில சாகாது, ஆனால் வருசம் முழுக்க அரைச் சுகத்தில நிக்கும். அந்த மீனுக்கு ஒரு நாள் தீன் கூடிப் போனால் துப்பத் துவங்கும், நாங்கள் தீன் பேணியைத் திட்டுவம்.

நான் செய்யிறது: ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரைப் பீலியிலயிருந்து தாங்கியில பிடிக்கிறன். முதல் மழையை விட்டிட்டு, கூரை கழுவுப்பட்டாப் பிறகு பிடிக்கிறது. அதில பாதி, கிணத்துத் தண்ணி பாதி. மழைத் தண்ணி மட்டும் போட்டால் காரம் விழுந்திடும், ஆனால் எங்கட கிணத்துத் தண்ணி பாதி சேர்ந்தாலே மலாவிக்குக் காணும். பில்ரர் பெட்டிக்கு மேல மணி பிளான்ற் கொடியை வேர் தண்ணிக்குள்ள தொங்க விட்டிருக்கிறன், அது நைத்திரேற்றைக் குடிச்சுக் குடிச்சு யன்னல் வரைக்கும் போட்டுது. சீப்ரா வேரைக் கடிக்கும். கடிக்கட்டும்.

சித்திரை 3

மருந்து கேட்டுக் கனக்கத் தனிமடல். இஞ்சயே எழுதுறன்.

இந்த வருத்தத்துக்கு ஒற்றைக் காரணத்தை ஆராய்ச்சிக்காரரே முடிவாக் கட்டயில்லை. குடலுக்குள்ள வாழுற கசையுயிர்கள் (சவுக்கு மாதிரி வாலால நீந்திற ஒற்றைக்கல நுண்ணுயிர்), முக்கியமா ஸ்பைரோநியூக்ளியஸ், ஹெக்ஸாமிற்றா எண்டுற வகையள், பெருகிறதைத்தான் கனபேர் குற்றம் சாட்டினம். பக்ற்றீரியாவும் சேருது எண்டுவினம். இந்த உயிர்கள் சுகமான மீனின்ர குடலிலயும் கொஞ்சமா இருக்கும். மீன் பயந்து, களைச்சு, கெட்ட தண்ணியில நிண்டால் அதுகளுக்குக் கொண்டாட்டம்.

அதுக்குப் பாவிக்கிறது மெற்றோனிடசோல். எங்கட பாமசியில 200 மி.கி. குளிசை வரும். லீற்றருக்கு 6 – 7 மி.கி. வரக் கணக்கெண்டால் 30 லீற்றருக்கு ஒரு குளிசை. கண்ணாடி அளவைப் பெருக்கிப் பாத்திட்டுக் கல்லும் மண்ணும் பிடிக்கிற இடத்தைக் கழியுங்கோ. தூளாக்கி இளஞ்சூட்டுத் தண்ணியில நல்லாக் கரைக்கவேணும், குளிர் தண்ணியில லேசில கரையாது. பில்ரரில கரி இருந்தால் எடுங்கோ, இல்லாட்டி மருந்தைக் கரி குடிச்சிடும். ஒண்டுவிட்ட நாள், கால்வாசித் தண்ணி மாத்தி மாத்தி, மூண்டு தரம். முழுத் தொட்டிக்கும் போடுறதுதான் நல்லது, ஒரு மீனின்ர கழிவை மற்றது கொத்தியிருக்கும். முட்டை வைச்சிருக்கிற பெட்டை இருந்தால் மட்டும் துப்புற மீனைத் தனியா எடுத்து வையுங்கோ.

மீன் இன்னும் தின்னுது எண்டால் தீனோட குடுக்கிறது இன்னும் திறம்: ஒரு கிராம் தீனுக்கு 10 மி.கி. மருந்து, அஞ்சு நாள். மருந்து போகவேண்டிய இடம் குடல்தானே.

டொக்டரின்ர துண்டு இல்லாமல் குளிசை தரமாட்டம் எண்டு பாமசிக்காரர் சொன்னால் அவையோட சண்டை பிடிக்காதேங்கோ, அவை சரி. மிருக வைத்தியரைக் கேளுங்கோ. தொட்டியில திலாப்பியா வளர்த்துத் தின்னுற ஐயாவுக்கு: தின்னுற மீனுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் உணவுப் பிராணிகளுக்கு இதைத் தடை செய்து வைச்சிருக்கினம்.

வருத்தம் இல்லாத தொட்டிக்கு "முன்னெச்சரிக்கையா" மாசா மாசம் போடுறதும் வேண்டாம். உண்மையா வருத்தம் வாற நாளில வேலை செய்யாது.

சித்திரை 5

வெள்ளிக்கிழமை. எங்கட வீட்டில இண்டைக்கு மீன் சாப்பிடுறதில்லை. மீனும் சாப்பிடுறதில்லை.

பகிடி இல்லை. கிழமையில ஒரு நாள் தீன் நிப்பாட்டினால் குடல் வெறுமையாகும், பில்ரரும் மூச்சு விடும். மற்ற மாதிரி மறந்து போவம் எண்டுதான் விரத நாளைத் தெரிஞ்சன்.

சித்திரை 6

நுளம்புக் குடம்பியை வீட்டில வாளியில விளைவிக்கிறன் எண்டு எழுதின தம்பிக்கு. நல்ல தீன்தான், கடையில விக்கிற குழாய்ப் புழுவை விட எவ்வளவோ சுத்தம். அந்தப் புழு கழிவு வாய்க்காலில விளையிறது, குடலுக்குத் தேவையில்லாத சாமான் எல்லாம் அதோட வரும். ஆனால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, நுளம்பு பெருகிற இடம் வைச்சிருந்தால் வழக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாளியைப் பாத்தால் "ஐயா, இது சீப்ராவுக்கு" எண்டு சொல்லித் தப்பேலாது. குடம்பி கூட்டுப்புழுவாக முதல் எல்லாத்தையும் வடிச்சுக் குளிரில உறைய வையும், வாளியைக் கவிழ்த்துவிடும்.

சித்திரை 15

கரவெட்டித் தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார். யெலோவின்ர வாய்க்குள்ள முட்டைதானாம். தனியா எடுத்து மருந்து போட்ட சீப்ரா துப்பிறதை விட்டிட்டுது, கழிவு பச்சையா வருது. கீழ ரண்டு பேர், மருந்தாலயோ தண்ணி மாத்தினதாலயோ எண்டு வருசப்பிறப்பு முடிஞ்ச கையோட அடிபடுகினம். ரண்டையும் ஒண்டாச் செய்தால் பிரிச்சுப் பாக்கேலாது, விடுங்கோ.

தம்பி எழுதினதில எனக்குப் பெரிய விசயம் வேற. அந்தச் சீப்ராதான் நாலிலயும் சின்ன ஆணாம், பெரியவன் அதை ஒரு மூலையை விட்டு வெளியில விடுறேல்லையாம். இதை முதல் கேள்வியிலயே எழுதியிருந்தால் நான் குடம்பியைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டன்.

ம்புனாத் தொட்டியில வருத்தம் கூடுதலா அடிவாங்கிறவனிலதான் துவங்கும். எல்லாரும் ஒரே தீன்தான் தின்டவை, ஒரே தண்ணியிலதான் நிண்டவை. பெரியவனுக்கு லேசில ஒண்டும் வராது. ஆகவே தீன் பேணியில எழுதியிருக்கிற புரத வீதத்தை வாசிக்க முதல், ஆர் ஆரைத் துரத்திறான் எண்டு கொஞ்ச நேரம் இருந்து பாருங்கோ. ஒரு ஆணுக்கு மூண்டு பெட்டை, கல்லுகள் மேல் வரைக்கும், ஒவ்வொரு பொந்துக்கும் ரண்டு வாசல். ஒரு வாசல் பொந்தெண்டால் அது ஒளிக்கிற இடமில்லை, பொறி.

வைகாசி 4

வெயில் கொளுத்துது. தொட்டித் தண்ணி மத்தியானம் 31 பாகை.

25 பாகைத் தண்ணியில லீற்றருக்கு 8.2 மி.கி. ஒட்சிசன் கரையும், 31இல 7.4. தீனைச் சமிக்க மீனுக்கு ஒட்சிசன் வேணும், சூட்டில உடம்பு இன்னும் கூடக் கேக்கும், தண்ணி குறையத் தரும். சூட்டில மீனுக்குப் பசி கூடும், கண்ணாடியில முட்டி முட்டிக் கேக்கும், நாங்களும் இரங்கி அள்ளிப் போடுவம். நான் இந்த மாசம் மத்தியானத் தீனை வெட்டிட்டன். விடிய ஒண்டு, பின்னேரம் வெயில் தாழ ஒண்டு. ஒரு நிமிசத்தில தின்டு முடிக்கிற அளவு, அதுக்கு மேல இல்லை.

கரண்ட் போற நாளில தீனே வேண்டாம். 2022 பங்குனிக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினவங்கள், நினைவிருக்கும். தீன் போட்டாப் பிறகு பம்ப் நிண்ட தொட்டிகள்தான் அந்த நேரம் கூடப் பழுதானது. வயிறு வெறுமையா நிண்ட மீன் தாக்குப் பிடிச்சுது. கொழும்பிலயிருந்து இரவு பஸ்ஸில பையில வாற மீனுக்கும் இதுதான். வந்து இறங்கின அண்டைக்குத் தீன் போட்டு வரவேற்காதேங்கோ.

வைகாசி 5

"பெலற்றை (உருண்டைத் தீனை) ஊறவைச்சுப் போடாட்டி வயித்துக்குள்ள பொருமி வெடிக்கும்" எண்டு ஒரு அண்ணை. வெடிக்காது. மீன் தின்னுற நேரத்திலயே தொண்டைப் பல்லால அரைச்சுத்தான் விடும், சிக்லிட்டுக்குத் தொண்டையில ரண்டாம் தாடை இருக்கு. ஊறவைக்கிறதில வேற ஒரு நன்மை இருக்கு: மிதக்கிற தீனை அவசரத்தில மேல வந்து கொத்தேக்க காத்தையும் விழுங்கும், ஊறின தீன் தாழும். நான் தாழுற பெலற் வாங்கிறன், ஊறவைக்கிறேல்லை.

வைகாசி 19

பங்குனி 29இல எழுதின பாசிப் படைக்கு ஒரு சேர்மானம். அந்தப் படையை வீட்டிலயே விளைவிக்கலாம். இடிஞ்ச பழைய மதில் முருகைக்கல்லு நாலைஞ்சை நல்லா உரஞ்சிக் கழுவி, தொட்டியில மாத்தின பழைய தண்ணியோட ஒரு ரப்பில வெயில் படுற இடத்தில வையுங்கோ. மேல நுளம்பு வலை கட்டவேணும், முன்னம் எழுதின வழக்கு நினைவிருக்கட்டும். எங்கட வெயிலுக்குக் கெதியாப் பச்சை பிடிக்கும். கல்லைத் தொட்டிக்குள்ள விட்டு, அவை சுரண்டி முடிச்ச கல்லைத் திருப்பி ரப்புக்கு. காசு இல்லை, பொதி இல்லை.

இதில தீனை விடப் பெரிய லாபம், மீனுக்கு நாள் முழுக்க வேலை கிடைக்கிறது. ஏரியில அதுகள் விடியத் துவங்கிப் பொழுதுபடும் வரை கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டிக்கொண்டே திரியிறதுகள். எங்கட தொட்டியில ஒரு நிமிசம் சாப்பாடு, மிச்ச நேரம் வெட்டிப்பொழுது, அதில அடிபிடி. கல்லு விட்ட நாளில பெரியவனுக்கும் துரத்த நேரமில்லை.

கடற்கரையில உயிர்ப் பவளம் உடைச்சுக்கொண்டு வரவேண்டாம். அது சட்டப்படி குற்றம், மதில் கல்லே காணும்.

ஆவணி 14

நல்லூர் கொடியேறிட்டுது. 25 நாளும் குசினியில மச்சம் இல்லை, ஆகவே இறால் தீன் செய்யிறதும் இல்லை. போன மாசம் செய்தது உறைஞ்சு கிடக்கு. செய்முறை கேட்டவைக்கு:

சின்ன இறால் கோதோட ஒரு பங்கு. கோதைக் கழிக்கவேண்டாம், அந்த நார்தான் குடலைத் தள்ளும். பசளிக்கீரையும் அவிச்ச பட்டாணியும் சேர்த்து ரண்டு பங்கு, பட்டாணித் தோல் உரிச்சு. ஸ்பைருலினாத் தூள் (காய்ஞ்ச நீலப்பச்சைப் பாசித் தூள்) ஒரு மேசைக்கரண்டி. உள்ளி ரண்டு பல்லு. உள்ளி வருத்தம் மாத்தும் எண்டு சொல்லுறவையோட நான் இல்லை, மணத்துக்கு மீன் ஓடி வரும், அவ்வளவுதான். எல்லாத்தையும் அரைச்சு, அகர் அகரைக் கொதிக்க வைச்சுக் கரைச்சு, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தாப் பிறகு கலந்து, தட்டில மெல்லிசா ஊத்தி உறைய வைக்கிறது. ஒரு விரல் நகமளவு உடைச்சால் பத்து மீனுக்கு ஒரு நேரம்.

யெலோ கூட இருக்கிற தொட்டியெண்டால் இறாலை இன்னொரு அரைப் பங்கு கூட்டலாம். ட்ரொஃபியஸ் வைச்சிருக்கிறவை இறாலைப் பாதியாக் குறையுங்கோ.

ஆவணி 15

அகர் கிடைக்காட்டி ஜெலற்றின் போடலாமோ எண்டு கேட்டவைக்கு: எங்கட தண்ணியில சரிவராது. அகர் ஒருக்கா இறுகினால் 85 பாகை மட்டும் இளகாது. ஜெலற்றின் 30 பாகை தாண்டவே குழையத் துவங்கும், தீன் மீனின்ர வாய்க்குப் போக முதல் தொட்டி முழுக்கப் பச்சைச் சாறு. பேந்து தண்ணி மாத்தவேணும், கிணத்தடியில வெங்காயத்துக்கு உரம் போட்ட நாளெண்டால் அதுக்கும் யோசிக்கவேணும்.

பிளவர் ஹோர்ன், ஒஸ்கார் மீன் கேள்வியளுக்குத் தனி இழை திறவுங்கோ. அதுகள் இறைச்சிப் பக்கத்துக் குடல், இஞ்ச எழுதின கீரை அளவெல்லாம் அதுக்குப் பொருந்தாது.